முகூர்த்தக்கால்

இன்னும் நூறு தப்படி. அந்த வேப்பமரம் வந்ததும் சொல்லிவிடுவேன். வேப்பமரம் வந்துவிட்டது, நாச்சிமுத்து அதனடியில் நிற்கவே இல்லை, நிற்காமல் போகிறவனின் முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது, அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஏழு மணிக்குத் தோட்டத்து வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து இதே கதைதான். இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரியில் அவன் முன்னால் போகிறான், நான் பின்னால் போகிறேன், ஆடிக் காற்று மண்ணை வாரி இரண்டு பேர் வாயிலும் போடுகிறது. "இது கிளுவடா சென்னி. ஒரு குச்சிய ஒடிச்சு நட்டாப் போதும். தண்ணி காட்ட வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், தானா வேலியாயிரும்" என்கிறான். நட்டால் போதுமாம். எதை எடுத்தாலும் நடுகிற பேச்சாகவே வந்து தொலைக்கிறது. வேண்டுமென்றே சொல்கிறானா? இருக்காது, அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வேறொன்றைப் பேசுகிற வித்தை எனக்குத்தான் வரும். அவன் பெண்டாட்டி தனபாக்கியம் செத்து ஒரு வருஷமும் ஒரு மாசமும் ஆகிறது. சாவுக்கு நான் வரவில்லை. கருமாதிக்கும் வரவில்லை, வருஷ திதிக்கும் வரவில்லை. இப்போது வந்திருக்கிறேன், முதுகில் ஒரு பையும் தலையில் ஒரு தொப்பியுமாக, ஊர் சுற்றிப் பார்க்க. அவனும் வேலியைக் காட்டுகிறான், குருவியைக் காட்டுகிறான், நானும் ஆகா என்கிறேன். வெட்கங்கெட்டவன் நான்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. கோயம்புத்தூரிலிருந்து தாராபுரம் வரும் பஸ்ஸில் அதைப் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்த்தார். நாச்சி, அன்னிக்கு முகூர்த்தக்கால் நடலடா, உன்கிட்டப் பொய் சொன்னேன். அவ்வளவுதான். கல்யாண வீட்டு வாசலில் பால்மரக் கொம்புக்கு மஞ்சள் தடவி நட்டுவிட்டால், அப்புறம் அந்த வீட்டார் சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. எங்கள் பக்கம் இதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது. கால் நட்டாச்சு என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள், பெற்ற தாயைப் பறிகொடுத்தவன்கூடக் கேட்கமாட்டான். போன வருஷம் ஆனியில் ஒரு வியாழக்கிழமை என் மகள் மேகலாவுக்குக் கல்யாணம். அதற்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் லோகநாதன் போன் பண்ணினான், நாங்கள் மூன்று பேரும் ஒரே பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். "நாச்சி சம்சாரம் போயிட்டாங்களாம்டா" என்றான். மூன்று மாசமாக ஈரல் கெட்டுப் படுத்திருந்தாள், எல்லோரும் எதிர்பார்த்ததுதான். அரை மணி நேரத்தில் நாச்சிமுத்துவின் பெயர் என் போனில் எழுந்து நின்றது. ஆறு தரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தேன். எடுத்ததும் அவன் வாயைத் திறக்கவே விடவில்லை, நானே பேசினேன், கால் நட்டாச்சுடா, வர முடியாதுடா, பெரியவங்க கூடாதுங்கறாங்கடா என்றேன். நாங்கள் கால் நட்டது வெள்ளிக்கிழமை. நான் போனில் சொன்ன நேரத்தில் அந்தக் கொம்பு மரத்தில்தான் இருந்தது, இலையும் தழையுமாக.

ஏன் சொன்னேன் என்று இந்த ஒரு வருஷமாக விதவிதமாகக் காரணம் கட்டிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் மண்டபம் பார்க்க வருவதாக இருந்தது, உண்மைதான். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்த கையால் எப்படிப் பத்திரிகை வைப்பீங்க என்று என் மனைவி சகுந்தலா கேட்டாள், அதுவும் உண்மைதான். ஆனால் அவளும் மத்தியானம் மனசு மாறி, கால் இன்னும் நடலையே, காரில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்து குளித்துவிடுங்க என்றாள். அதற்குள் நான் போனில் சொல்லி முடித்திருந்தேன். சொன்னதை அவளிடம் மறைத்து, மண்டபத்துக்காரன் கூப்பிடுகிறான் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஒரு பேக்கரியில் இரண்டு டீ குடித்தேன். காரணம் மண்டபமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. நாச்சிமுத்து அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவன் அழுதால் நான் என்ன செய்வேன், கையை எங்கே வைப்பேன், முகத்தை எங்கே வைப்பேன் என்ற பயம். ஐம்பத்தைந்து வயசில் இந்தப் பயத்தைச் சொல்லி யாரிடம் லீவு கேட்க முடியும்? அதனால் மஞ்சள் தடவிய ஒரு கொம்பின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"என்றா யோசன? கால் வலிக்குதா?" என்று திரும்பிப் பார்க்கிறான். இல்லை என்கிறேன். "இன்னொரு கல்லு தொலைவுதான். கொறங்காட்டக் காட்டறேன் வா. உங்கூர்ல பாத்திருக்கமாட்ட" என்கிறான். இதோ, நின்றான், முகத்தைப் பார்த்துவிட்டான், சொல்லியிருக்கலாம். மறுபடியும் முதுகு. எனக்கு இப்போது அவன்மேல்தான் கோபம் வருகிறது. நேற்றுச் சாயங்காலம் நான் வந்து இறங்கிய நிமிஷத்தில் இவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஏன்டா நாயே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா என்று கேட்டிருக்கலாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் இரண்டு கையையும் நீட்டி அவன் கையைத் தொட்டிருக்க வேண்டும், துக்கம் கேட்பதென்றால் ஆம்பளைகளுக்கு அவ்வளவுதான் வேலை, பேச்சே வேண்டாம். நானும் கையை நீட்டினேன், நீட்டிய கையில் அல்வா டப்பா இருந்தது. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று காந்திபுரத்தில் வாங்கியது. சாவு விழுந்த வீட்டுக்கு இனிப்பு கொண்டுபோகலாமா கூடாதா, வருஷம் திரும்பிவிட்டதே, போகலாம் என்று கடை வாசலில் நின்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். நாச்சிமுத்து டப்பாவை வாங்கினான், நேராகப் போய் பாக்கியத்தின் படத்துக்கு முன்னால் வைத்தான். "அவளுக்கு அல்வான்னா உசுரு" என்றான். நான் படத்தைப் பார்க்காமல் மேலே ஃபேனைப் பார்த்தேன். ஃபேன் தூசி பிடித்திருந்தது. பாக்கியம் இருந்த வீட்டில் ஃபேனில் தூசி இருந்து நான் பார்த்ததில்லை.

எட்டு மாசம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். வேலை இல்லாமல் திருப்பூரில் திரிந்த காலம், நாச்சிமுத்து அங்கே ஒரு பனியன் கம்பெனியில் மெக்கானிக், கல்யாணமாகி ஆறு மாசம், ஒரு ரூமும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீடு. புதுப் பெண்டாட்டி இருக்கிற வீட்டில் ஒரு தடியன் போய்ப் படுத்துக்கொண்டான் என்றால் வேறொருத்தி முகத்தைச் சுளித்திருப்பாள். அவள் முதல் நாளே "அண்ணா, உங்களுக்குத் தோச மொறுமொறுன்னு வேணுமா, மெத்துனு வேணுமுங்களா?" என்றாள். அப்புறம் எட்டு மாசமும் நான் அண்ணன்தான். பொழுது போகாமல் ஒரு நாள் அந்த வீட்டை அளந்து வரைபடம் போட்டேன், சுவர் ஒன்பது அங்குலம், கதவு இரண்டே முக்கால் அடி, அடுப்பு மேடை, தொட்டி, எல்லாம் கச்சிதமாக. அவள் மாவுக் கையோடு குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாஞ் செரீங்கண்ணா, இதுல நானெங்க இருக்கறேன்?" என்றாள். வரைபடத்தில் ஆளை வரையமாட்டாங்க பாக்கியம் என்றேன். "ஆளில்லாம எதுக்குங்க அடுப்பு?" என்று சிரித்தாள். எனக்கு வேலை கிடைத்தது, அதே பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக்கொடுக்கிற வேலை, முப்பது வருஷம் சுவரும் கதவும் வரைந்தேன். அவர்கள் திருப்பூரை விட்டு நாச்சியின் சொந்த ஊரான இந்தக் கொழிஞ்சிவலசுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். பொங்கலுக்குப் போன், தீபாவளிக்குப் போன். வாங்கண்ணா, வாங்கண்ணா என்று ஒவ்வொரு போனிலும் கூப்பிடுவாள், வரேன் பாக்கியம் என்று ஒவ்வொரு போனிலும் சொல்லுவேன். படுக்கையில் விழுந்த மூன்று மாசத்தில் ஒரு தரம்கூட வந்து பார்க்கவில்லை. கல்யாண வேலை. எல்லாவற்றுக்கும் கல்யாண வேலை.

படலைத் திறந்து உள்ளே விடுகிறான். கொறங்காடு என்றால் காடெல்லாம் இல்லை, வேலி போட்ட ஒரு பெரிய மேய்ச்சல் நிலம், முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த கொழுக்கட்டைப் புல், அங்கங்கே குடை விரித்த வெள்வேல மரம். மேய்க்க ஆளில்லாமல் இருபது முப்பது செம்மறிகள் தலையைத் தொங்கப்போட்டு மேய்கின்றன. அழகாகத்தான் இருக்கிறது, அழகாக இருப்பதே எரிச்சலாக இருக்கிறது. "மழையில்லாட்டியும் இந்தப் புல்லு சாகாது. வேர்ல உசுரு வெச்சுட்டுக் கெடக்கும்" என்கிறான். தூரத்தில் வரிசையாகக் காற்றாலைகள். "ஒரு றெக்கை எத்தன அடி இருக்கும், சொல்லு பாக்கலாம்?" அளவு தெரிந்தவனாச்சே என்று கேட்கிறான். நூற்றிருபது என்கிறேன் வாய்க்கு வந்தபடி. "கரெக்ட்டு!" என்று சந்தோஷப்படுகிறான். எப்படி இவனால் சந்தோஷப்பட முடிகிறது? நடிக்கிறானா? எல்லாம் தெரிந்துகொண்டுதான் நடிக்கிறானா? லோகநாதன் வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் நின்றான், கொம்பைப் பிடித்துக் குழியில் இறக்கிய அஞ்சு பேரில் அவனும் ஒருத்தன், மஞ்சள் கையோடு போட்டோவும் எடுத்துக்கொண்டான். நாச்சி வீட்டுக் கருமாதிக்கும் அவன் போனான். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது, சென்னி வரலையா என்று யாராவது கேட்டிருந்தால், அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் கால் நட்டோம் என்று ஒரு வாய்ச் சோற்றுக்கும் இன்னொரு வாய்ச் சோற்றுக்கும் நடுவில் சொல்லியிருப்பான். லோகநாதன் வாய்க்குப் பூட்டு கிடையாது. அப்படியானால் நாச்சிக்குத் தெரியும். தெரிந்துதான் போன வாரம் போன் பண்ணி, ஒரு நாள் வாடா, சும்மா சுத்திப் பாக்கலாம் என்றானா? இந்த மேட்டில், யாருமில்லாத இடத்தில் நிறுத்திக் கேட்கப் போகிறானா? கேட்கட்டும். கேட்டுத் தொலையட்டும். நான் சொல்வதைவிட அவன் கேட்பது சுலபம். அப்படிக்கூட வேண்டாம், அவன் முறைத்தால் போதும், நானே எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். ஆனால் அவன் ஒரு செம்மறிக் குட்டியைப் பிடித்து, காலில் குத்தியிருந்த முள்ளைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

கொறங்காட்டின் மேற்கு மூலைக்கு வந்துவிட்டோம். "இங்கதான்" என்கிறான். எது இங்கே என்று கேட்பதற்குள் தெரிந்துவிட்டது. சிமெண்டு மேடை, தலைமாட்டில் கருங்கல், சுற்றிலும் ஆடு ஏறாமல் இருக்க முள். அவள் பிறந்த வீடு இந்தத் திசையில் இருக்கிறது, அதனால் இங்கேயே புதைக்கச் சொல்லிக் கேட்டாளாம். தொப்பியைக் கழற்றுகிறேன். சரி, இதற்குமேல் ஒரு இடம் கிடைக்காது, அவள் முன்னாலேயே சொல்லிவிடலாம், இரண்டு பேரிடமும் ஒரே தரமாக. நாச்சி, அன்னிக்கு என்று ஆரம்பிக்க வாயைத் திறக்கிறேன், கண் கல்லின் மேல் இருக்கிறது, கல்லில் பெயர் இருக்கிறது, பெயருக்குக் கீழே தோற்றம், மறைவு, மறைவுக்கு நேராக ஆனி மாதம் 6ஆம் நாள் புதன்கிழமை. புதன்கிழமையா? தப்பாக வெட்டிவிட்டான் கல்வெட்டுக்காரன். வரைபடத்தில் ஒரு எண் தப்பினால் எனக்கு உடம்பு அரிக்கும், முப்பது வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா? "செவ்வாய்தானேடா?" என்கிறேன். நாச்சிமுத்து மேடையில் முளைத்திருந்த ஒரு நெருஞ்சியைப் பிடுங்கிக்கொண்டே, "பொதன்கெழம. பொழுதெறங்க, நாலரை மணி" என்கிறான். செவ்வாய்க்கிழமைதான் மாப்பிள்ளை வீட்டார் மண்டபம் பார்க்க வந்தார்கள். அன்றைக்குத்தான் லோகநாதன் கூப்பிட்டான், அன்றைக்குத்தான் இவன் கூப்பிட்டான், அதில் சந்தேகமே கிடையாது. "நீ எனக்குப் போன் பண்ணுனது…" என்று இழுக்கிறேன். "அது செவ்வா" என்கிறான். "ஆசுபத்திரில இனி ஒண்ணுமில்ல, ஊட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டாங்க. அன்னிக்குக் காத்தாலதான் கொண்டாந்து படுக்க வெச்சோம். லோகு எங்கயோ அரைகொறையாக் கேட்டுட்டு உன்கிட்டச் சொல்லியிருப்பான்."

காற்று அடிக்கிறது. முள்ளுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆடு நின்று எங்களைப் பார்க்கிறது. செவ்வாய்க்கிழமை காலை நான் என்னென்ன பேசினேன்? இந்த ஒரு வருஷமாக நான் நினைத்து நினைத்துக் கூசியதெல்லாம் அந்தப் பொய் ஒன்றைத்தான், கால் நட்டாச்சு என்ற அந்த இரண்டு வார்த்தையைத்தான். அதற்கு முன்னால் பேசியதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை, நினைக்க அதில் என்ன இருக்கிறது, எல்லோரும் பேசுவதைத்தான் நானும் பேசினேன். கேள்விப்பட்டேன்டா நாச்சி. புண்ணியவதிடா, இன்னும் இழுத்துக் கெடந்து அவதிப்படாமப் போயிட்டா. மனசத் தேத்திக்கடா. எத்தன மணிக்குடா எடுக்கறீங்க? கேட்டேன், எத்தனை மணிக்கு எடுக்கறீங்க என்று கேட்டேன், கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல்தான் கொம்பை நட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அழுகிறான் என்று நினைத்தேன், பயந்தேன். செரிடா, கல்யாணத்த நல்லாப் பண்ணு என்று வைத்துவிட்டான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அப்பாடா என்று பேக்கரிக்குப் போனேன். அப்போது அவள் உயிரோடு இருந்தாள். "நீ எதுக்குடா அன்னிக்குப் போன் பண்ணுன?" என்று கேட்கிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"நானெங்க பண்ணுனேன், அவதான் பண்ணச் சொன்னா. சென்னியண்ணன்கிட்ட ஒரு வார்த்த பேசோணும், போடுங்கன்னா. போனக் காதுல வெச்சுப் புடிக்கத் தெம்பில்ல. ஸ்பீக்கர்ல போட்டு நெஞ்சு மேல வெச்சேன்" என்கிறான். நெருஞ்சியை வேலிக்கு அப்பால் எறிகிறான். கையைத் தட்டுகிறான். கோபம் இல்லை அவன் முகத்தில், தேடித் தேடிப் பார்க்கிறேன், ஒரு பொட்டுக்கூட இல்லை. இருந்தால் நான் பிழைத்துக்கொள்வேன். "அவ என்னடா சொன்னா?" "மொதல்ல சிரிச்சா. அண்ணனுக்கு எதுலயும் அவசரம்னா. அப்பறம் கால் நட்டவிங்களக் கூப்புடப்படாது, வையுங்க போன, புள்ள நல்லா இருக்கட்டும்னா." சொல், இப்போது சொல், இதற்காகத்தானே பஸ் ஏறி வந்தாய், இப்போதும் சொல்லாவிட்டால் நீ மனுஷனே இல்லை. "அன்னிக்கு ராத்திரி பூரா அதையே கேட்டுட்டிருந்தா, சென்னி" என்கிறான் நாச்சிமுத்து. "நெஜமாலுமே கால் நட்டிருப்பாங்களா, இல்ல அண்ணனுக்கு வர மனசில்லீங்களான்னு. அவனாவது வராம இருக்கறதாவது, நட்டிருப்பான்டீன்னு நாஞ் சொல்றேன். நீங்க உங்க சினேகிதன உட்டுக் குடுக்கமாட்டீங்களேன்னா. நம்புனாளோ நம்பலையோ, அப்படியே கண்ண மூடிப் படுத்துட்டா. அதுக்கப்பறம் போற வரைக்கும் பேச்சில்ல." இந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்து இப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்க்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, லோகநாதன் ஒன்றும் சொல்லவில்லை, இவனும் யாரிடமும் கேட்கவில்லை, ஒரு வருஷமாகக் கேட்காமலே வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அறுபதை நெருங்குகிற ஆம்பளையின் கண், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தன் மார்க்கைப் படிப்பதற்குக் காத்திருக்கிற பையன் கண்ணாகிவிட்டது. "நட்டிருந்ததுதானடா?"

"ஞாயித்துக்கெழமையே நட்டாச்சுடா" என்கிறேன். நாளோடு வந்து விழுகிறது பொய், நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அவனுக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா, தெரியவில்லை, தெரிந்து இனி என்ன ஆகப்போகிறது.

நாச்சிமுத்து பெருமூச்சு விடுகிறான். பிறகு என்னை விட்டுவிட்டுக் கல்லின் பக்கம் திரும்பிக் குனிகிறான்.

"பாத்தயா? நாந்தான் சொன்னனல்ல."